கேள்வி கேட்க வேண்டாம்

அத்தியாயம் 14

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழுப்பு உறையை உள்ளே இருந்த கடிதத்தோடு சேர்த்து நம் பஸ் ஸ்டாண்ட் டைம்கீப்பர் நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள் அல்லவா? போட்டவளே பத்து நிமிடம் கழித்துக் கூடையைக் கவிழ்த்து, துண்டுகளைப் பொறுக்கி, டேப் போட்டு ஒட்டி அலமாரியில் வைத்தாள். அவளுடைய கோபம் எப்போதும் அப்படித்தான். கிழிக்கவும் அவளே வேண்டும், ஒட்டவும் அவளே வேண்டும்.

ஒட்டிய கடிதம் சொன்னது இதுதான். மகள் இரண்டாம் வகுப்பில் தொடர்வதா, பேச்சு வராத குழந்தைகளுக்கான வேறு பள்ளிக்கு மாறுவதா என்று முடிவு செய்ய வேண்டும். வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பெற்றோர் இருவரும் குழந்தையோடு வர வேண்டும்.

இன்று வியாழக்கிழமை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு நிமிடம். அந்த மகளுக்கு ஏழு வயது. எட்டு மாதத்துக்கு முன்பு வரை அவளுக்கு வீட்டில் 'ரேடியோ' என்று பெயர். கண் விழித்ததும் ஆரம்பிப்பாள், தூக்கத்திலும் கொஞ்சம் தொடர்வாள். ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்க முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. மூளையின் இடது பக்கம் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். குழந்தைகளுக்கு அது வருவது அபூர்வம், ஆனால் வரும் என்றார்கள். காலும் கையும் மூன்று மாதத்தில் அநேகமாகத் திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் ஒரு சொல், அரைச் சொல்லாக வந்துகொண்டிருக்கிறது. ரேடியோ என்று அவளை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

"வார்த்தையைத் தேடுவா அக்கா. தேடட்டும். முப்பது செகண்ட் காத்திருங்க, நடுவுல எடுத்துக் கொடுக்காதீங்க" என்று பேச்சு டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவள் சின்னப் பெண், ஆனால் பிடித்த பிடியை விடாதவள். ஒரு நாள் பயிற்சி அறையில் கடிகாரம் வைத்து அம்மாவையே அளந்தாள். டைம்கீப்பர் தாங்கியது சரியாக நாலு நொடி.

"பஸ் ஸ்டாண்டுல நாலு செகண்டுல ரெண்டு வண்டி கிளம்பிடும்மா" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள் நம் ஆள்.

பதினாறு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. பஸ் ஸ்டாண்டின் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு மேஜை, ஒரு பதிவேடு, கழுத்தில் ஒரு விசில். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று நிமிடம் தவறாமல் எழுத வேண்டும். இரண்டு நிமிடம் தாமதமாக வந்த டிரைவர் கூண்டைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அவர்கள் வைத்த பெயர் விசில்காரி. அது அவளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பாள்.

ஆகவே வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து வீட்டில் விசில் ஊதாத குறைதான்.

"முதல் கேள்வி?" என்றாள், மகளின் தலையைப் பின்னிக்கொண்டே.

மகள் தன் பெயரைச் சொன்னாள். பளிச்சென்று வந்தது.

"ரெண்டாவது?"

"ஏழு வயசு."

"மூணாவது?"

"சிவப்பு."

"நாலாவது?"

"ரெண்டாம் வகுப்பு பி."

பத்தாவது வரை தட்டாமல் வந்தது. டைம்கீப்பர் பின்னலை இறுக்கி ரிப்பன் கட்டினாள். பத்தொன்பது நாள் உழைப்பு. பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் தினமும் காலை எட்டு பத்து மணி வண்டிக்கு மூச்சிரைக்க ஓடி வருவாள். அவளுக்காக அந்த வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தி வைப்பது இவளுடைய வழக்கம். பதிவேட்டில் எட்டு பத்து என்றே எழுதுவாள். வாழ்நாளில் அவள் எழுதிய ஒரே பொய் அது. அந்த ஒரு நிமிடத்துக்குக் கைமாறாகத்தான் தலைமையாசிரியை கேட்கும் பத்துக் கேள்விகள் ஒரு ஜெராக்ஸ் தாளில் வந்து சேர்ந்தன. டைம்கீப்பர் அவற்றை வண்டி அட்டவணை மாதிரி கோடு போட்டு எழுதினாள். கேள்வி எண், பதில், ஆகவேண்டிய நேரம் ஐந்து நொடி.

சமையல்கட்டு வாசலில் நின்றபடி ரொட்டி தின்றுகொண்டிருந்தார் அப்பா. பல்செட் செய்கிறவர் அவர். ஊரில் பாதிக் கிழவர்களின் சிரிப்பு அவர் கையால் செய்ததுதான், ஆனால் அவர் வாயைத் திறந்து சிரித்தோ சண்டை போட்டோ யாரும் பார்த்ததில்லை.

"கேள்வியைக் கேட்டு பதில் சொல்லச் சொல்லேன்" என்றார். "வெறும் நம்பரைக் கேட்கறியே."

"வரிசைப்படிதான் கேட்பாங்க. தாள் என்கிட்ட இருக்கு."

"இல்ல, ஒருவேளை..."

"ஒருவேளையாவது இருவேளையாவது! எட்டு மாசமா ஓடி ஓடிப் பார்க்கறது நான். நீங்க வந்து நின்னு, வேடிக்கை பார்த்து, ஒருவேளைங்கறீங்க."

அவர் மிச்ச ரொட்டியை வாயில் போட்டு மென்றார்.

மகள் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். "எ... எனக்..."

"பால்தானே? இந்தா."

டம்ளர் கையில் வந்துவிட்டது. அவள் டம்ளரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு பாலைக் குடித்தாள்.

*

தலைமையாசிரியையின் அறையில் ஐந்து நாற்காலிகள் இருந்தன. மேஜைமேல் பச்சை அட்டை போட்ட கோப்பு ஒன்று. அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் டைம்கீப்பருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், வந்ததும் வராததுமாக நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவரோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "உட்காருங்க. தண்ணி குடிக்கிறியா கண்ணு?" என்றார்.

"குடிச்சிட்டா மேடம்" என்று பதில் சொன்னது அம்மா.

பேச்சு டீச்சரும் வந்திருந்தாள். அவள் ஒரு தாளை எடுத்து ஒரு வட்டம் வரைந்து நடுவில் கோடு போட்டாள்.

"இது தலைன்னு வச்சுக்குங்க மேடம். பெரும்பாலும் பேச்சு வேலை இடது பக்கம் நடக்கும். இவளுக்கு அங்கதான் அடி. பெரியவங்களுக்கு இந்த மாதிரி ஆனா, வலது பக்கம் போய் அந்த வேலையைக் கத்துக்கறது ரொம்பச் சிரமம். சின்ன வயசு மூளை இன்னும் இறுகலை. இடது பக்கம் தப்பிச்ச இடமும் வேலை செய்யும், வலது பக்கமும் கைகொடுக்கும். போன மாசம் இவளுக்குக் கதை சொல்லிக்கிட்டே ஸ்கேன் எடுத்தாங்க. வலது பக்கம் நல்லா வேலை செய்யுதுன்னு டாக்டர் சொன்னார்."

"அப்போ சரியாயிடுமா?"

"முழுசான்னு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு குழந்தையும் ஒரு மாதிரி. ஆனா ஒண்ணு மேடம், அந்தப் புது வழி தானா உருவாகாது. அவ மனசுல இருக்கறதைத் தேடித் தேடி அவளே சொல்லணும். சொல்லச் சொல்லத்தான் வழி பழகும்."

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "மூளை விஷயம் எனக்குப் புரியுதும்மா. வகுப்புல நாற்பத்திரண்டு பிள்ளைங்க. ஒரு டீச்சர். ஒரு பதிலுக்கு ஒரு நிமிஷம் நிக்க அவங்களால முடியுமா?"

இங்கேதான் டைம்கீப்பருக்குச் சுருக்கென்றது.

"மேடம், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆத்துப் பாலம் விரிசல் விட்டுச்சே, ஞாபகம் இருக்கா? ஒரே ராத்திரியில மூடிட்டாங்க. அறுபத்தி மூணு வண்டி அதுவழிதான் போகும். மறுநாள் காலையில சந்துவழியா திருப்பி விட்டது நான். முதல் வாரம் எல்லா வண்டியும் நாற்பது நிமிஷம் லேட். ஜனங்க என்னைத் திட்டாத திட்டு இல்ல. டிரைவருக்குத் திருப்பம் தெரியாது, சந்துல தள்ளுவண்டி நிக்கும், நாய் படுத்திருக்கும். மூணாவது மாசம் அஞ்சு நிமிஷம்தான் லேட். சந்து அதே சந்துதான். வண்டி போகப் போக வழிவிட்டுச்சு. முதல் வாரம் லேட்டுன்னு பஸ்ஸை நிறுத்திட்டோமா? சொல்லுங்க, நிறுத்திட்டோமா?"

பேச்சு டீச்சர் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தாள். பல்செட்காரர்கூட மனைவியை ஒரு கணம் பெருமையாகப் பார்த்தார்.

"நல்லா சொன்னீங்க" என்றார் தலைமையாசிரியை. "அப்போ குழந்தைகிட்டயே கேட்டுடலாம்."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாள் வெளியே வந்தது. அந்த ஜெராக்ஸின் அசல். டைம்கீப்பர் அதன் மூலையில் இருந்த கறையைக்கூட அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் அந்த அம்மாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்கு எதுல வந்தே கண்ணு?"

அது ஏழாவது கேள்வி.

குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னாள்.

"அது தெரியும்மா. எதுல வந்தே? பஸ்ஸா, நடந்தா?"

"ஏழு வயசு."

"சரி. உன் வகுப்பு டீச்சர் யாரு?"

"சிவப்பு."

டைம்கீப்பருக்குக் காது சுட்டது. மகளின் முதுகில் லேசாக விரலால் தட்டினாள். அதை 'அடுத்தது' என்று எடுத்துக்கொண்டு குழந்தை, "ரெண்டாம் வகுப்பு பி" என்றாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

தலைமையாசிரியை தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். குரல் மாறிவிட்டது.

"மனப்பாடம் பண்ண வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

பேச்சு டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அக்கா, என்னக்கா இது? வரிசையா ஒப்பிக்கறது வேற மேடம். ஒண்ணு ரெண்டு மூணு வரும், கிழமை வரும், பாட்டுகூட வரும். அது பேச்சே இல்ல. இதை வச்சு அவளை எடைபோட்டுடாதீங்க, தயவுசெஞ்சு."

கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் இரண்டு விதம். சிலர் அழுவார்கள். நம் டைம்கீப்பர் இரண்டாவது விதம்.

"ஆமா, மனப்பாடம்தான் பண்ண வச்சேன்!" என்று எழுந்து நின்றாள். "வேற என்ன பண்ணச் சொல்றீங்க? அஞ்சு மாசமா உங்க வகுப்புலதானே உட்கார்ந்திருக்கா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்க டீச்சர் இவகிட்ட ஒரு கேள்வி கேட்டிருப்பாங்களா? நோட்டுல ஒரு திருத்தம் உண்டா? இவளை மனுஷியா மதிச்சு 'என்னடி'ன்னு ஒரு வார்த்தை உண்டா? கேட்காமலேயே பேசலைன்னு எழுதிடுவீங்க, அப்புறம் வேற ஸ்கூலுக்குப் போன்னு துரத்துவீங்க. நல்லா இருக்கு நியாயம்!"

"கேட்கலைதான்" என்றார் தலைமையாசிரியை. அவருக்கும் இப்போது முகம் சிவந்திருந்தது. "கேட்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்ததே நீங்கதானே?"

"நானா?"

பச்சைக் கோப்பு திறந்தது. ஒரு தாள் மேஜைமேல் நகர்ந்து வந்தது.

எழுத்தைப் பார்த்ததுமே டைம்கீப்பருக்குத் தெரிந்துவிட்டது. பல்செட் டப்பாக்களின்மேல் பெயர் எழுதி எழுதிப் பழகிய, எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்து.

*என் மகளால் இப்போது பேச முடியாது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தயவுசெய்து வகுப்பில் யாரும் அவளிடம் கேள்வி கேட்க வேண்டாம். ஓரமாக உட்கார வைத்தால் போதும்.*

கீழே அவர் கையெழுத்து. ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி.

அவள் அதை ஒருமுறை படித்தாள். மடித்து, வேலைக்குப் போடும் காக்கிச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டாள். "அது கோப்புல இருக்கணும்" என்று தலைமையாசிரியை சொன்னது காதிலேயே விழவில்லை.

"கொஞ்சம் வெளியே வாங்க" என்றாள் கணவரிடம்.

*

வெளியே நீண்ட நடை. ஒரு பக்கம் வகுப்புகள், ஒரு பக்கம் மர பெஞ்சு. குழந்தை தானாகவே பின்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்கு என்ன தைரியம்!" டைம்கீப்பர் குரலைத் தணிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அந்தப் பேச்சு டீச்சர் பொண்ணு நாயா கத்தறா, பேச வைங்க, பேச வைங்கன்னு. நீங்க என்னடான்னா, பேச வைக்காதீங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. அஞ்சு மாசம்! அஞ்சு மாசம் என் பொண்ணை ஒருத்தரும் ஒண்ணும் கேட்கலை. தினமும் சாயங்காலம் வீட்ல இந்த ஸ்கூலை நான் கரிச்சுக் கொட்டுவேன். எதிர்ல உட்கார்ந்து வாயில ஈ போறது தெரியாத மாதிரி கேட்டுட்டு இருந்தீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சத்தம் போடாதே. வகுப்பு நடக்குது."

"போடுவேன்! ஏன் எழுதினீங்க? சொல்லுங்க. பெத்தவர்தானே நீங்க?"

பல்செட்காரர் சுவரைப் பார்த்தார். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். பதினோரு வருடத் தாம்பத்தியத்தில் அவர் தொடர்ந்து இவ்வளவு நேரம் பேசி அவள் கேட்டதில்லை.

"மூணாவது மாசம், திரும்ப ஸ்கூலுக்கு வந்த முதல் வாரம். கூட்டிட்டுப் போக நான் வந்தேன். கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன். ஜன்னல்வழியா பார்த்தா, டீச்சர் இவளை எழுப்பி ஏதோ கேட்டிருக்காங்க. இவ வாயைத் திறந்துட்டு நிக்கறா. வரலை. வகுப்பே சேர்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுச்சு. சிரிச்சுட்டே எண்ணுச்சு. இருபத்தி ஆறுல இவ பாவாடையிலேயே..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

"நேரா பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். துணியை அலசி, பல்செட் அச்சு காயவைக்கற அடுப்பு மேல போட்டுக் காய வச்சேன். அது காயற வரைக்கும் என் சட்டையைப் போட்டுக்கிட்டு மேஜைக்குக் கீழ உட்கார்ந்திருந்தா. அன்னிக்குத்தான் எழுதிக் கொடுத்தேன்."

டைம்கீப்பருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று மாலை பாவாடை மொடமொடவென்று இருந்தது. யாரோ இஸ்திரி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து மறந்துவிட்டாள். இப்போது அதன் காரணம் தெரிந்தது. அதனால் கோபம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை, இன்னும் ஏறியது.

"என்கிட்ட சொல்லலை. என் பொண்ணு அப்படி நின்னிருக்கா, எனக்குத் தெரியாது. எனக்கு, அவ அம்மாவுக்கு!"

"சொன்னா நீ வந்து அந்த டீச்சரை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பே."

"பண்ணியிருப்பேன்! பண்ணியிருக்கணும்! அதுக்கு பதிலா நீங்க அவ வாயை அடைச்சிட்டு வந்துட்டீங்க!"

"நான் மட்டுமா அடைச்சேன்?"

அவர் குரலும் உயர்ந்துவிட்டது. வகுப்பு ஒன்றிலிருந்து ஒரு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நான் பள்ளிக்கூடத்துல அடைச்சேன், நீ வீட்ல அடைச்சே. தண்ணி குடிக்கிறியான்னு அந்த அம்மா அவளைக் கேட்டா, நீ பதில் சொல்றே. காலையில என்னமோ சொல்ல வந்தா. பால் கேட்டாளா?"

"பின்ன என்ன கேட்டா?"

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. கேட்க விட்டாத்தானே தெரியும்? உள்ள உட்கார்ந்து எவ்வளவு அழகா சொன்னே, லேட்டுன்னு பஸ்ஸை நிறுத்திட்டோமான்னு. வீட்ல நாலு செகண்டுக்கு மேல அவளை நிக்க விட்டிருக்கியா நீ? அந்த டீச்சர் கடிகாரம் வச்சு அளந்து சொன்னப்போகூட சிரிச்சு மழுப்பினியே!"

அவள் வாயடைத்துப் போனாள். பதினாறு வருடமாக எந்த டிரைவரும், எந்த மேலதிகாரியும் செய்ய முடியாத காரியத்தை இந்தப் பேசாத மனிதர் செய்துவிட்டார். அதுவும் அவளுடைய பேச்சையே எடுத்து. அது பொய்யாக இருந்தால் பதில் சொல்லியிருப்பாள். பொய்யாக இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

"எல்லாப் பழியும் என் தலையிலேயே போடுங்க" என்று ஆரம்பித்தாள். "நான்தான் ராட்சசி, நான்தான்..."

டமால்.

தண்ணீர் பாட்டில் தரையில் விழுந்து உருண்டது. விழவில்லை, எறியப்பட்டது. பெஞ்சின்மேல் குழந்தை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. இரண்டு கையும் முஷ்டி. வலது கை மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"பேசாதே!" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்பதில் சந்தேகமே இல்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ... பேசாதே. நான்..."

அங்கே நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது, உதடு தேடியது. டைம்கீப்பரின் நாக்கு நுனியில் நாலு வார்த்தை தயாராக வரிசையில் நின்றது. வீட்டுக்குப் போகணுமா, பசிக்குதா, அழறியா, பயமா இருக்கா. ஒன்றை எடுத்துக் கொடுத்தால் போதும். அறைக் கதவருகே பேச்சு டீச்சர் வந்து நின்றிருந்தாள். பொறுங்கள் என்று விரலை மட்டும் உயர்த்தினாள்.

டைம்கீப்பர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிஜமாகவே கடித்தாள், உப்புக் கரித்தது.

"நான்..." என்றாள் குழந்தை. "நான்... சொல்... சொல்லணும்."

எட்டு மாதமாக இந்த வீடு காத்திருந்த முதல் முழு வாக்கியம் இதுதான். யாரும் சொல்லிக் கொடுக்காத, எந்தத் தாளிலும் இல்லாத வாக்கியம். பெற்ற தாயை வாயை மூடச் சொல்லி வந்தது அது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தன.

குழந்தை பெஞ்சிலிருந்து இறங்கினாள். யார் கையையும் பிடிக்கவில்லை. தலைமையாசிரியையின் அறைக்குள் நேராகப் போனாள்.

*

அவர்கள் மூவரும் பின்னால் ஓடிவந்தபோது குழந்தை மேஜைமுன் நின்றிருந்தாள். நடந்த சத்தமெல்லாம் தலைமையாசிரியைக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்த அம்மாள் கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"என்ன சொல்லணும் கண்ணு?"

குழந்தை வாயைத் திறந்தாள், தேடினாள்.

பழக்கம் யாரை விட்டது? டைம்கீப்பரின் கண் தன் மணிக்கட்டுக் கடிகாரத்துக்குப் போனது. சிவப்பு முள் நகர்ந்தது. நாலு நொடி கடந்தது. அவளுடைய எல்லை அங்கேயே முடிந்துவிட்டது. எட்டு. பதிமூன்று. குழந்தை உதட்டைக் குவித்தாள், விரித்தாள். பத்தொன்பது. பக்கத்தில் பல்செட்காரரின் மூச்சு கேட்டது. அவர் இருபத்தாறை நோக்கி எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் எண்ணினாள். இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு. யாரும் சிரிக்கவில்லை.

அதற்கு மேல் டைம்கீப்பரால் முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயில் என்ன செய்வது என்று தெரியாமல் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துக்கொண்டாள். மூச்சை வெளியே விட்டால் ஊதிவிடும். ஆகவே மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

நாற்பத்து மூன்றாவது நொடியில் குழந்தை சொன்னாள்.

"எனக்... எனக்கு... ஜன்னல்."

"ஜன்னலா?"

"என் இடம். ஜன்னல்." கையை நீட்டி நடைக்கு அப்பால் இருந்த வகுப்பைக் காட்டினாள். "அல... மாரி... வேண்டாம்."

தலைமையாசிரியை மெதுவாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தொந்தரவு இருக்காதுன்னு அலமாரி ஓரமா மாத்தி உட்கார வச்சோம்" என்றார், யாரிடமும் இல்லாமல். "அந்தக் கடிதம் வந்த மறுநாள்."

விசிலைக் கடித்தபடி நின்ற டைம்கீப்பரின் கண்ணில் தண்ணீர் முட்டியது. காலையில் மேஜையைப் பிடித்துக்கொண்டு 'எனக்' என்று ஆரம்பித்தாளே, அது இதுவாகவே இருந்திருக்கலாம். ஒரு டம்ளர் பாலைக் கொடுத்து அதை அவள் அடைத்தாள். எத்தனை நாள் எத்தனை டம்ளர் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தன்மேல் வந்த ஆத்திரத்தில் விசிலின் பிளாஸ்டிக்கில் பல் பதிந்தது. கணவரையும் அவள் மன்னித்துவிடவில்லை. சட்டைப்பையில் அந்தக் கடிதம் இருக்கிறது, மனதில் அந்தப் பாவாடை இருக்கிறது. வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். அவரும் கேட்பார்.

தலைமையாசிரியை கோப்பை இழுத்தார். முடிவு எழுத வேண்டிய பக்கம் வெள்ளையாக இருந்தது. பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தார்.

"ஏன் ஜன்னல் வேணும் உனக்கு?"

அது எந்தத் தாளிலும் இல்லாத கேள்வி. அப்படி ஒரு கேள்வியை அந்தப் பள்ளிக்கூடம் அவளிடம் கேட்பது ஐந்து மாதத்தில் இது இரண்டாவது முறை.

குழந்தை பழக்கதோஷத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் வாயில் விசில் இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க மணிக்கட்டை இன்னொரு கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

குழந்தை மறுபடி மேஜையைப் பார்த்துத் திரும்பி, வாயைத் திறந்தாள்.